இன்னும் வராத பிராசஸர்

மாசிலாமணிக்குக் கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை ஒரே வலி. சண்டைக் காட்சியில் நாயகன் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஃபிரேமாகக் கையால் அழித்துக்கொண்டிருந்தான். புது கிராபிக்ஸ் பிராசஸர் அதை நொடியில் அழித்துவிடும் என்று சொல்லித்தான் ஸ்டுடியோ இந்தப் படத்தின் வேலையைப் பிடித்திருந்தது. பிராசஸர் இன்னும் சந்தைக்கே வரவில்லை. வரும்வரை, கீழ்த்தளத்தில் முதுகு வளைந்து கிடந்த இவனும் இவனைப் போன்றவர்களும்தான் அந்தப் பிராசஸர். மேலே கண்ணாடி அறையில், வருகிறவர்களுக்குக் காட்ட, நீல விளக்கு போட்ட காலிப் பெட்டி ஒன்றில் விசிறி மட்டும் சுற்றியது.

அதைப் பார்த்துப் பூரித்த தயாரிப்பாளர், “மிஷின்தானே, ஞாயித்துக்கிழமையும் ஓடட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேனேஜர் ரகோத்தமன் இறங்கி வந்து எல்லாருடைய லீவையும் ரத்து செய்தான்.

“அன்னிக்கு எங்கக்கா மகளுக்குக் காதுகுத்து சார். தாய்மாமன் என் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும்.”

“பிராசஸருக்கு ஏதுடா அக்கா?”

“பிராசஸர் வந்திருந்தா நான் ஏன் சார் உங்க முன்னால நிக்கப்போறேன்?”

“இந்த வாயோட அப்படியே ஊருக்குப் போ. திரும்பி வராத.”

மாசிலாமணி போகவில்லை. ஞாயிறு காலை அக்கா கூப்பிட்டாள்.

“ஆசாரி வந்து காத்துக்கிட்டிருக்காரு. எங்கடா இருக்க?”

“கயிறு அழிக்கிற வேலைக்கா. விடமாட்டேங்கிறாங்க.”

“அதுக்குத்தான் மிஷின் வந்துருச்சுன்னு உங்க ஸ்டுடியோக்காரனே டிவியில சொன்னானே. வர இஷ்டமில்லன்னா சொல்லித் தொலை, பொய் சொல்லாத.”

போனை வைத்துவிட்டாள். அவன் அடுத்த ஃபிரேமைத் திறந்தான்.

அக்கா மகளுக்குத் தாய்மாமன் மடி பாக்கி.