மதிலில் கை வைக்காதே

“போலீஸைக் கூப்பிடுங்க! என் வீட்டை விக்க ஆள் வந்தாச்சு!” என்று கத்தியபடி சீஃப் ஓயெதுன் மதிலோரம் நின்ற பெண்ணின் கையிலிருந்த வாளியைப் பிடுங்கினார். உள்ளே கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் சில ஸ்பாஞ்சுகளும் மிதந்தன.

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. லாகோஸில் வீட்டுக்காரர் ஒரு சாவு வீட்டுக்காகச் சொந்த ஊர் போய்த் திரும்புவதற்குள், யாரோ ஒருவன் அவர் வீட்டை மூன்று பேருக்கு விற்று முடித்திருப்பான். அதனால்தான் தெருவோர மதில் நெடுக, ரத்தச் சிவப்பில் எழுதிவைத்திருந்தார்: ‘இந்த வீடு விற்பனைக்கு அல்ல. இப்படிக்கு, சீஃப் ஓயெதுன்.’

“எழுத்தை அழிச்சிட்டு வித்துடலாம்னு பாக்கறியா?”

“நான் பிள்ளைங்களுக்குக் கைப்பயிற்சி குடுக்கறவ, சீஃப்” என்றாள் என்கெம். “கொரெடேயோட அம்மாதான் வரச் சொன்னாங்க.”

மாடியில் குடியிருக்கும் கொரெடேயின் அம்மா செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடி வந்தாள். “ஆமா சீஃப்! என் பையன் எதைக் குடுத்தாலும் கடகடன்னு படிச்சிடுவான். பென்சிலைக் குடுத்தா மட்டும் உலக்கை மாதிரி பிடிக்கிறான். இப்படியே போனா ஒண்ணாம் கிளாஸ்லயே திரும்ப உக்கார வெச்சிடுவாங்களாம்.”

“அப்ப மேஜையில உக்காத்தி எழுத வை. என் மதில் எதுக்கு?”

“மேஜையில மணிக்கட்டு படுத்துக்கும், சீஃப்” என்றாள் என்கெம். “நிக்கிற சுவர்ல தேய்ச்சா அது தானா நிமிரும், விரல் சரியாப் பிடிக்கும். கை தலைக்கு மேல போறதால தோள் பலமாகும். தோள்ல பலம் இருந்தாத்தான் எழுத்து வரும்.”

“தோளா?” சீஃபின் குரல் இறங்கியது. “என் வலது கை காதுக்கு மேல ஏற மாட்டேங்குது. இந்த மதிலுக்கு நானே தனியா நாலு கோட் அடிச்சேன் பாரு, அன்னிக்குத் தோள் பிடிச்சது.”

“ஆள் வெச்சு அடிச்சிருக்கலாமே?” என்றாள் கொரெடேயின் அம்மா.

“கூலி உங்கப்பன் குடுப்பானா?”

மழை வந்தால் வாசல் பல்பு தேய்ந்துவிடும் என்று கழற்றி உள்ளே வைக்கிற மனிதர் அவர்.

“வெறும் சோப்புத் தண்ணிதான், காஞ்சா போயிடும். நீங்களும் ஒரு ஸ்பாஞ்ச் எடுங்க, சீஃப். இலவசம்” என்றாள் என்கெம்.

கடைசிச் சொல் வேலை செய்தது. ஐந்து நிமிடத்தில் குடித்தனப் பிள்ளைகள் எல்லோரும் மதிலோரம் வரிசை கட்டினார்கள். நடுவில், தொப்பியைக் கழற்றாமல், சீஃப்.

“மேல! இன்னும் மேல! இடது கை வலது பக்கம் போகட்டும்! அப்பத்தான் மூளையோட ரெண்டு பக்கமும் பேசிக்கும்!” என்றாள் என்கெம்.

சீஃபின் மூளை என்ன பேசிக்கொண்டதோ தெரியாது. தோள் ‘டக்’கென்று பேசியது. கை தொப்பியைத் தாண்டி மேலே போனது.

“ஏறுது! ஐயோ, ஏறுதுடி!”

“பாபா, அப்படியே என் வண்டியையும் கழுவிடு!” என்று கத்திக்கொண்டு போனான் ஒரு மஞ்சள் வேன்காரன். சீஃப் அவனுக்கு வலது கையாலேயே டாட்டா காட்டினார்.

மலிவான பெயிண்ட் அவ்வளவு சந்தோஷத்தைத் தாங்காது. சிவப்பு ஒழுகியது. அடியிலிருந்த வெள்ளையும் அப்பளம் அப்பளமாக உரிந்து விழுந்தது.

“சீஃப், எழுத்து போகுது!” என்று பதறினாள் என்கெம்.

“போனா போகுது, திரும்ப எழுதிக்கலாம். இப்பத்தான் கை வந்துடுச்சே!” கண்ணை மூடிக்கொண்டு, சுகமாக, நீள நீளமாகத் தேய்த்தார்.

உரிந்த இடத்தில் கறுப்பு எழுத்துகள் எட்டிப் பார்த்தன. அது எண்ணெய்ப் பெயிண்ட். சோப்புக்கெல்லாம் அசையவில்லை. கொரெடே இரண்டடி பின்னால் போய் நின்று, கடகடவென்று படித்தான்.

“‘இந்த வீடு விற்பனைக்கு அல்ல. இப்படிக்கு, ஒகுன்டிபே குடும்பம்.’”

சீஃபின் கை மேலேயே நின்றுவிட்டது. பையன் மதிலைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

“அப்போ நீங்க யாரு, சீஃப்?”