அடுப்பில் போட்ட மாத்திரைகள்

"பிள்ளையே வேண்டாம்னு மாத்திரை முழுங்குற மருமக எனக்கு எதுக்கு சம்பந்தியம்மா? கையோட கூட்டிட்டுப் போயிடுங்க."

முற்றத்துக் கட்டிலில், திராட்சைக் கொடி நிழலில் சாய்ந்துகொண்டு மஸ்தூரா சொன்னாள். எதிரே உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மாவான ஓய்தினுக்கு, தான் கொண்டுவந்த ரொட்டியை மடியிலிருந்து இறக்கி வைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. சாட்சிக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர். மருமகள் ஹிலோலா, ஓய்தினின் மகள், தலை குனிந்தபடி எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மார்கிலான் ஊரில் அந்தத் தெருவுக்கு மஸ்தூராதான் நீதிமன்றம். யார் வீட்டு மருமகள் விடிந்த பிறகு வாசல் கூட்டினாள், எந்த மாமியார் மருமகள் வந்த பிறகும் வெட்கமில்லாமல் தன் பிள்ளைக்குத் தொட்டில் கட்டினாள், யார் வீட்டுக் கல்யாணப் புலாவில் கறி குறைந்தது என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் தீர்ப்பு உண்டு. மேல்முறையீடு கிடையாது.

இன்றைய வழக்கு, ஹிலோலாவின் அலமாரியில் அகப்பட்ட மஞ்சள் மாத்திரை. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது, மருமகள் இன்னும் உண்டாகவில்லை. காரணம் இந்த மாத்திரைதான் என்று மஸ்தூரா கண்டுபிடித்துவிட்டாள்.

"அது ஃபோலிக் ஆசிட் அத்தை," என்றாள் ஹிலோலா மெதுவாக. "குழந்தை வேணும்னுதான் சாப்பிடறேன்."

ஓய்தின் விளக்கினாள். அவளுடைய மூத்த மகளுக்கு முதுகுத்தண்டு மூடாமல் குழந்தை பிறந்தது. இன்றுவரை அதற்கு நடக்க வரவில்லை. உண்டானது தெரிவதற்கு முன்பே முதுகுத்தண்டு உருவாகிவிடுமாம். அதனால்தான் தங்கையையும் முன்கூட்டியே சாப்பிடச் சொல்லி டாக்டர் கொடுத்திருந்தார்.

மஸ்தூரா அசையவில்லை. புளித்த தயிர் உருண்டை ஒன்றை வாயில் போட்டுச் சப்பினாள். கொஞ்ச நாளாக அது இல்லாமல் அவளுக்குப் பொழுது போவதில்லை.

"பதினெட்டு வயசுல வெறும் ரொட்டியும் டீயும் சாப்பிட்டுத்தான் என் சஞ்சாரைப் பெத்தேன். அவனுக்கு முதுகெலும்பு இல்லையா என்ன?"

அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்த சஞ்சார், பெண்டாட்டியின் வழக்கு நடக்கிற நாளில், கடையில் வேலை இருக்கிறதென்று காலையிலேயே நழுவியிருந்தான்.

"மூணு டப்பாவைக் காணோம் அத்தை," என்றாள் ஹிலோலா.

"நான்தான் எடுத்து ரொட்டி அடுப்புல போட்டேன். இனிமே வாங்கினாலும் அடுப்புக்குத்தான்."

சமையலறையிலிருந்து ஆட்டுக்கொழுப்பு உருகும் வாசனை வந்தது. மஸ்தூரா தலைத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கொழுப்பு உருக்கக்கூடத் தெரியாதவளைத் தன் தலையில் கட்டிவிட்டதாகவும், குமட்டிக்கொண்டு வருவதாகவும் சம்பந்தியம்மாவிடம் முறையிட்டாள்.

ஓய்தின் கண்களைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். துணிமணிகளை எடுத்துக்கொள்ளும்படி மகளிடம் சொன்னாள். திருப்பி அனுப்பப்பட்ட மருமகளுக்கு ஊரில் என்ன பெயர் கிடைக்கும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஹிலோலா தேநீர்க் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

வெளிக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. காலையில் மஸ்தூரா சந்தைக்கு விரட்டியிருந்த அவள் கணவர் துர்கூன், முற்றத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதற்குள் வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்.

"மஸ்தூரா, உன் வயிறு தெரியறதுக்குள்ள மருமகளை அனுப்பிட்டியா? இந்தா, உனக்குத் தனியா மாத்திரை வாங்கிட்டேன். இனிமே அந்தப் பொண்ணோடதைத் திருடி முழுங்காதே. நம்ம குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஒண்ணு போதும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."