ஒரு வாய் கடித்த ரொட்டி

சைமுதீன் மாஸ்கோவுக்கு வேலைக்குக் கிளம்பிய அன்று, தஜிகிஸ்தான் வழக்கப்படி ஒரு ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போனான். மீதியை மனைவி ஜமீரா சுவரில் மாட்டிவைத்தாள். போனவன் திரும்பி வந்துதான் அதைத் தின்று முடிக்க வேண்டும். போன இடத்தில் மேஸ்திரி பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிவைத்துக்கொண்டான். ஐந்து வருடம் ஊர்ப்பக்கம் போக முடியவில்லை.

பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்று மதியம், வேலை செய்த கட்டடத்தின் நிலவறையில் இருந்தபடியே வீட்டை வீடியோவில் கூப்பிட்டான்.

"வெள்ளிக்கிழமை வர்றேன். ரொட்டிய இறக்கி வை."

ஜமீரா காய் நறுக்கிக்கொண்டே சிரித்தாள். "அதான் நேத்தே டீயில நனைச்சு தின்னு முடிச்சிட்டீங்களே. கல்லு மாதிரி இருக்கு, பல்லு போயிடும்னேன், கேட்டீங்களா?"

"யாருடி தின்னது?"

"போதுங்க விளையாட்டு. முற்றத்துல நின்னுக்கிட்டு எதுக்கு போன்? உள்ள வாங்க."

அவளுக்குப் பின்னால், வீட்டு வாசலில் யாரோ பூட்ஸைக் கழற்றும் சத்தம் போனில் கேட்டது. "ஜமீரா, போன்ல யாரு?" என்றது ஒரு குரல். அது சைமுதீனின் குரல்.

ஜமீரா அப்போதுதான் நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. அந்நிய ஆண் முன்னால் இழுத்துவிடுவதுபோல முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.