ரோஜா மணத்துக்கு எந்தக் கரைப்பான்?

“ஹெக்சேன்தான் மாமா. இதுல பேச்சே கிடையாது!”

மருமகள் இப்படி ஆரம்பித்தபோது ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் மூன்றே பேர். மேசையின் தலைமாட்டில் முதலாளியான மாமனார். எதிரே, கைகழுவும் தொட்டியை ஒட்டிய முக்காலியில், கம்பெனியின் ஒரே கெமிஸ்ட்டான மருமகள். நடுவில், இருவர் முகத்தையும் பார்க்காமல், கையில் பசையும் உறையுமாக மகன்.

பூவே இல்லாமல், ஈஸ்ட்டைப் புளிக்கவைத்து ரோஜா மணம் எடுக்கும் கம்பெனி அது. நுரைத்த கலங்கலிலிருந்து மணத்தை மட்டும் பிரிக்க எந்தக் கரைப்பான்? குழந்தைகளுக்கு இருமல் மருந்து செய்கிறவர்கள் இன்றைக்குள் பதில் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பதில் பிடிக்காவிட்டால் ஆர்டர் போச்சு. அவளுடைய எட்டு மாத உழைப்பும் போச்சு.

“ஷெட்டுல ரெண்டு டிரம் ஹெக்சேன் கிடக்கேன்னு நானும் அதைத்தான் நினைச்சேன்” என்று இழுத்தார் மாமனார். “ஆனா நீ ஏன் இவ்வளவு துள்ளறே?”

“மலிவு மாமா. சட்டுனு ஆவியாகும்.”

“எத்தில் அசிடேட்டுக்கு என்ன குறைச்சல்?”

“நகப்பாலிஷ் அழிக்கிற தண்ணி மாதிரி நாறும்.”

“சரி, ஹெக்சேன் கொஞ்சம் மிச்சம் நின்னுட்டா?”

“நரம்புக்கு ஆகாதும்பாங்க. துளியூண்டு நின்னா குழந்தைங்களுக்கா தெரியப்போகுது?”

மகனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவளா இப்படி? பால் பாக்கெட்டின் தேதியையே இரண்டு முறை பார்க்கிறவள்!

மாமனார் மேசையில் ஓங்கித் தட்டினார். சோதனைக் குழாய்கள் கிணுகிணுத்தன.

“நாலெழுத்து படிச்சிட்டா தலைக்கனமா? எத்தில் அசிடேட்தான்! என் கம்பெனி, என் முடிவு. அந்த ரெண்டு டிரம்மையும் இன்னிக்கே திருப்பி அனுப்பு. போய் மருந்துக் கம்பெனிக்கு லெட்டர் அடி!”

“உங்க இஷ்டம் மாமா.”

முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உள்ளே போனவள், ஒரே நிமிஷத்தில் இரண்டு பக்கக் கடிதத்தோடு திரும்பினாள். மாமனார் ஜம்மென்று கையெழுத்துப் போட்டு, மகனைப் பார்த்துக் கண்ணடித்தார். “பாத்தியாடா, எப்படி வழிக்குக் கொண்டுவந்தேன்!”

கடிதத்தை மடிக்கும்போதுதான் மகன் கவனித்தான். மேலே அச்சாகியிருந்தது நேற்றைய தேதி.

எட்டு மாதத்துக்கு முன், ‘உங்க கம்பெனிப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கமாட்டேன்’ என்று இவள் அடம்பிடித்ததும், அந்த வீம்புக்கே அப்பா இவளைக் கெமிஸ்ட்டாக உட்காரவைத்ததும் ஞாபகம் வர, மூச்சுக்காட்டாமல் உறையில் பசை தடவி, அழுத்தி ஒட்டி, கூரியர்காரர் கையில் கொடுத்தான்.