டை கட்டின ட்யூட்

ஹெட்போனைக் கழற்றிய பேராசிரியை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் எழுந்து போய் ஏசியைக் குறைத்துவிட்டு வந்தார்.

“இந்த ரூம் எப்பவும் இப்படித்தான் மேடம், ஐஸ் பெட்டி. மிரட்டல் போன் பதிவு தெளிவா கேட்டுச்சா?”

கேட்டது. கேட்காமலே இருந்திருக்கலாம்.

‘அந்த டை கட்டின ட்யூட்டுக்குச் சொல்லி வை. கடைங்களை இடிக்க வண்டி வந்துச்சுன்னா, அவன் ஆபீஸ் பத்தி எரியும். அவனும் உள்ளதான் இருப்பான்.’

ஏதோ செயலியில் மாற்றிய குரல், தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல. பேசியது கிழவனா குமரனா என்று எமன் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

“ஆள் யாரு, எந்த ஏரியா, எதையும் நான் சொல்ல மாட்டேன். சொன்னா உங்க காது ஒரு பக்கம் சாஞ்சுடும். எனக்கு வயசு மட்டும் போதும். பேசற வார்த்தையை வச்சு வயசைச் சொல்றதுல உங்களை மிஞ்ச ஆளில்லைன்னாங்க.”

அதில் பொய்யில்லை. ஆங்கிலக் கொச்சைச் சொற்களைத் துரத்தித் துரத்தியே தலை நரைத்தவள் அவள்.

“அது என்ன மேடம் ட்யூட்டு? என் பையன் பெத்த அப்பனையே அப்படித்தான் கூப்பிடறான்.”

“நூத்து நாப்பது வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவுல அது கேலி வார்த்தை சார். மடிப்புக் கலையாம உடுத்திக்கிட்டு அலட்டறவனைச் சொல்றது. அப்புறம் மாட்டுப் பண்ணைக்கு வந்து குதிரை ஏறத் தெரியாம முழிக்கற பட்டணத்துக்காரனுக்குப் போச்சு. அப்படியே தேஞ்சு தேஞ்சு ‘நண்பா’ன்னு ஆயிடுச்சு. இப்ப பொண்ணுங்களே பொண்ணுங்களை அப்படிக் கூப்பிடுது.”

சொல்லச் சொல்ல அவளுக்குச் சந்தேகம் உறுதியானது. பதிவில் இருந்தது நண்பன் இல்லை. என்றோ செத்துப்போன அந்தப் பழைய கேலி. அதை இன்னும் வாயில் வைத்திருக்கும் ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருவர்தான்.

சின்ன வயதில் பழைய கௌபாய் காமிக்ஸ்களைப் படித்துக் காட்டி, அவளுக்கு இந்தச் சொல் பைத்தியத்தைப் பிடிக்க வைத்த அண்ணன். இன்று காலையில்கூட, கல்லூரி லீவில் மாமாவுக்கு ஒத்தாசை செய்யும் மகனை அவள் அண்ணனின் சைக்கிள் கடையில் இறக்கிவிட்டபோது, கடைகளை இடிக்க அளவெடுக்க வந்த, டை கட்டிய ஒருவரை ஸ்பேனரால் காட்டி, “வரான் பாரு ட்யூட்டு” என்றார். மகனும் சேர்ந்து சிரித்தான்.

இடிக்கப் போகும் வரிசையில் அண்ணன் கடையும் இருக்கிறது. பஞ்சர் ஒட்டி ஒட்டி அவளைப் பேராசிரியை ஆக்கிய கடை. போன வருடம்தான் நெஞ்சைக் கிழித்து ஆபரேஷன் செய்த உடம்பு, லாக்கப்பில் ஒரு ராத்திரி தாங்குமா?

“அப்ப, இவன் வயசு?” இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

எந்தச் சொல்லுக்கும் அவள் இதுவரை பொய் வயது சொன்னதில்லை. ஹெட்போன் வயரைச் சுருட்டி மேசைமேல் வைத்தாள்.

“இந்தக் காலத்துப் பசங்க பேச்சு சார். மிஞ்சிப் போனா இருபது.”

“வயசானவரா இருக்க வாய்ப்பே இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“இல்லவே இல்ல. வேணும்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். அண்ணன் தப்பித்தார். அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது. எதிரிலிருந்த தண்ணீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“பெரிய உதவி மேடம். அந்த சைக்கிள் கடை போனைத் தொடறது ரெண்டே பேரு. பெரியவரை விட்டுட்டு, அவரோட தங்கச்சி பையனைத் தூக்கிடறோம்.”