வரையாடு பார்க்காத அட்டை

காலில்லை, நடக்கும். பல் உண்டு, மெல்லாது. பந்திக்கு யாரும் கூப்பிட வேண்டாம், தானே வந்து உட்காரும். அது என்ன? மழைக்காலத்தில் மலைப் பூங்காவுக்குப் போய்வந்தவர்களைக் கேளுங்கள், காலைச் சொறிந்துகொண்டே சொல்வார்கள்: அட்டை.

அப்படி ஓர் அட்டை, மூன்று மாதப் பட்டினிக்குப் பிறகு, நறுமுகை என்ற சிறுமியின் கணுக்காலில் இடம் பிடித்தது. ஏதோ சில்லென்று இருக்கிறதே என்று அவள் காலுறையை இறக்கினாள், அட்டை அகப்பட்டுக்கொண்டது.

பூங்கா வாசலில் ஆளுக்கொன்றாகக் கொடுத்த உப்புப் பொட்டலம் அவள் பையிலிருந்து எட்டிப் பார்த்தது.

"என்னைத் தூவு பாப்பா! பூங்காவுக்கு வந்த விருந்தாளியிடமே திருடுகிறது, பார்!"

"அவள் காலுக்கு நானும் விருந்தாளிதானே, விருந்தாளிக்கு உப்பு எதற்கு?" என்றது அட்டை. "வயிறு நிறைந்தால் நானே விழுந்துவிடுவேன் அம்மா. உப்பு பட்டால் சுருண்டு செத்துப்போவேன்."

"எனக்கு வலிக்குமா?" என்று கேட்டாள் நறுமுகை.

"இதுவரை வலித்ததா?"

"இல்லை."

"பேச்சை வளர்க்காதே," என்றது பொட்டலம். "எல்லாரும் வரையாடு பார்க்க மேலே ஏறிவிட்டார்கள். சீக்கிரம்!"

அட்டை ஒரு கணம் குடிப்பதை நிறுத்தியது.

"வரையாடா? அது எப்படி இருக்கும்? நான் இந்தச் சருகை விட்டு மேலே போனதே இல்லை."

நறுமுகை உப்புப் பொட்டலத்தை எடுத்தாள். அட்டை உடம்பைக் குறுக்கிக்கொண்டது.

அவள் பொட்டலத்தின் வாயை இன்னொரு மடிப்பு மடித்துப் பைக்குள்ளேயே வைத்தாள். ஒரு காலுறையை இறக்கிவிட்டபடியே மேலே ஏறினாள்.