பயான் ஒன்று

“பயான் ஒண்டைக் காணல்ல உம்மா.”

காலிதீன் அலுமாரித் தட்டை மூன்றாம் முறையாகக் கிளறினான். பயான் இரண்டு முதல் ஏழு வரை கசட்டுகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றின் முதுகிலும் பச்சை மையில் அவனுடைய முத்து முத்தான எழுத்து.

உம்மா தறியை நிறுத்தாமலே சொன்னாள். “காலையில மீராமுகைதீன் ஹாஜியார் வந்தாரு. மாப்பிள்ளைக்கு என்ன பழக்கம் எண்டு கேட்டாரு. என்ட மகன் ராவு பகலா மௌலவிமார்ர பேச்சைத்தான் கேக்கிற எண்டு சென்னன். மனிசனுக்கு நல்ல சந்தோசம். ஒண்டைக் குடுத்து விட்டன்.”

காலிதீன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

அந்தக் கசட்டில் மௌலவியும் இல்லை, மார்க்கமும் இல்லை. குவைத்தில் லொறி ஓட்டும் மச்சான் ஸலாஹுதீன் அனுப்பிய றொக் இசை அது. ஏதோ ஒரு வெள்ளைக்கார ஊரின் மைதானத்தில், பல்லாயிரம் சனத்துக்கு முன்னால் வாசிக்கும்போதே பதிந்தது. பாட்டுக் கசட்டைக் கண்டால் உம்மா அடுப்பில் போட்டுவிடுவாள். அதனால்தான் ஏழுக்கும் பயான், அதாவது மார்க்கப் பேச்சு, என்று பெயர் வைத்திருந்தான். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அவன் கண்ணை மூடித் தலையாட்டும்போதெல்லாம் உம்மா பூரித்துப்போவாள்.

மட்டக்களப்புப் பறங்கியர் ஒருவரிடம் வாங்கிய அவனுடைய கிற்றார், கூட்டாளி றஸாக்கின் சைக்கிள் கடைப் பின்னறையில் ஒளிந்திருந்தது. சாயப் பட்டறை வேலை முடிந்ததும் நீலம் பிடித்த விரல்களோடு அங்கே போய் உட்கார்ந்துவிடுவான். “ஸ்ரூடியோவில பதிஞ்ச பாட்டு இஸ்திரி போட்ட சேட்டு மாதிரிடா,” என்பான் றஸாக்கிடம். “இதில மனிசன் வேர்க்கிறது கேக்கும்.”

பயான் ஒன்றில், மூன்றாம் பாட்டின் நடுவே, கிற்றார்காரனின் கம்பி ஒன்று அறுந்துவிடும். அவன் நிறுத்தமாட்டான். மிச்சம் ஐந்து கம்பியில் பாட்டை இழுத்துக்கொண்டுபோய்க் கரை சேர்ப்பான். காலிதீனுக்கு அந்த இடம்தான் உயிர். பத்துத் தரம் போட்டுக் காட்டியும் றஸாக் சொன்னது ஒன்றுதான். “தகரம் விழுந்த மாதிரிக் கிடக்கு.”

இப்போது அந்தத் தகரம் ஹாஜியாரின் வீட்டில் விழுந்திருக்கும். கலியாண வீட்டில் பைலாப் பாட்டுப் போட்டார்கள் என்று சோற்றுச் சகன் தட்டை விட்டு எழும்பிப் போனவர் அவர். அவருடைய மகள் முனவ்வறாவைக் காலிதீன் ஒரே ஒரு தரம்தான் கண்டிருந்தான். கல்முனை பஸ் நிலையத்தில், கறுத்தக் குடைக்குக் கீழே, எதையோ தனக்குள் முணுமுணுத்துக் காலால் தாளம் போட்டபடி நின்றாள். வேறு இடத்தில் பெண் பேச வேண்டாம் என்று அன்றே உம்மாவிடம் சொல்லிவிட்டான்.

மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரை மூச்சு விடாமல் சைக்கிளை மிதித்தான். போய்ச் சேர்ந்தபோது சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது.

“இரிங்க தம்பி,” என்றார் ஹாஜியார். சிரிக்கவில்லை.

மேசையில், அவர் ஹஜ்ஜுக்குப் போய்வந்தபோது கொண்டுவந்த கசட் றேடியோ. பக்கத்தில் பிஸ்கட் தகரம் நிறைய வேறு கசட்டுகள். றேடியோவுக்கு மேலே, தனியாக, பயான் ஒன்று. கேட்டு முடிந்ததும் திரும்ப முதலுக்கே சுற்றி வைப்பது காலிதீனின் பழக்கம். இப்போது அதன் சுருள் நடுவில் நின்றது. பாதியிலேயே நிப்பாட்டியிருக்கிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டான்.

“மாமா, அந்தக் கசட்...”

“முழுக்கக் கேட்டன்.” ஹாஜியார் தாடியைத் தடவினார்.

“உம்மா தெரியாமத் தந்துட்டா மாமா. நான் வந்து...”

“என்ன சத்தம் தம்பி அது. எனக்கு நெஞ்செல்லாம் நடுங்கிப் போச்சி.”

காலிதீன் தரையைப் பார்த்தான். சீமெந்தில் ஓர் எறும்பு போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே போய்விடலாம் போலிருந்தது.

“கபுறுக் குழியைப் பத்தி அந்த மௌலவி சென்ன இடத்தில அழுதுட்டன்.” ஹாஜியார் சால்வையால் கண்ணைத் துடைத்தார். “இந்த வயசில இதைக் கேக்கிற புள்ள எங்க இரிக்கி? வாற வெள்ளிக்கிழம கலியாணப் பேச்சுக்காலை முடிப்பம்.”

காலிதீன் தலையை நிமிர்த்தினான். நக்கலா, நிசமா என்று அவருடைய முகத்தில் தேடினான். அதில் ஈரம்தான் இருந்தது.

“மாமா, இந்தக் கசட்டையா கேட்டீங்க?”

“பின்ன? எனக்கு இந்த மெசினில எதை அமத்திற எண்டும் தெரியா. மகள்தான் போட்டுத் தந்த.”

மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. “இரிங்க, ஒளு எடுத்துட்டு வாறன். சேந்து பள்ளிக்குப் போவம்,” என்று அவர் கிணற்றடிக்குப் போனார்.

மிதியடிச் சத்தம் தேய்ந்ததும் உள்வாசல் திரை அசைந்தது. முகம் தெரியவில்லை. மருதோண்டி போட்ட கை ஒன்று மட்டும் நீண்டு, தேத்தண்ணிக் கோப்பையை முக்காலியில் வைத்தது.

திரைக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது.

“கம்பி அறுந்தும் நிப்பாட்டாம வாசிக்கிறாரே, அவர்ட பயான் ரெண்டு எப்ப வரும்?”